வரதராஜன் சார் போடாத கையெழுத்து

திங்கட்கிழமை எங்கள் கோல்ஃப் கிளப்புக்கு விடுமுறை. மெம்பர்கள் யாரும் வர மாட்டார்கள். வேலை செய்கிற எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை அதிகம். மூன்றாம் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து பிரபு தம்பி நடந்து வந்தார். எப்போதும் பைக்கில் வருகிற ஆள் வெயிலில் நடந்து வருவதைப் பார்த்ததும் பிடுங்கின கோரையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"அக்கா, வரதராஜன் சார் காலையில தவறிட்டாராம். ஸ்ரீரங்கத்துலேர்ந்து அவர் பொண்ணு போன் பண்ணாங்க."

என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தையைச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். "இன்னிக்கேவா? கூட்டத்துக்கு இன்னும் மூணு வாரம்தானே இருக்கு!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள், செத்த மனுஷனிடம் சண்டை போடுகிறாளே என்று என்னைப் பார்த்தார்கள். சண்டைதான். பத்து வருஷத்துக்கு மேல் நடந்த சண்டை. அது முடிகிற நேரத்தில் அவர் பாட்டுக்கு எழுந்து போய்விட்டார்.

கிளப் மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மெம்பர்கள் எல்லாம் இங்கிலீஷில் நல்லபடியாக எழுதியிருப்பார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி எழுதியதைப் பிரபு தம்பி பிழை திருத்தியிருக்கிறார். கருத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

வரதராஜன் சார் நம் கிளப்புக்கு எத்தனை காலம் செகரட்டரியாக இருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை காலத்தில் ஒரு நாள்கூட அவர் ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பந்தை அடித்ததில்லை என்பதும் தெரியும். ரயில்வே ஆபீஸில் ரிடையர் ஆன கையோடு இங்கே வந்து உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி இன்னொரு பஸ், இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. நெற்றியில் திருமண், கையில் குடை, தோளில் பை. பைக்குள் சாப்பாடு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். கிளப்பில் ஒரு வாய் டீ குடித்ததில்லை. "நீங்க ஆடறதில்ல, இங்க சாப்பிடறதும் இல்ல, அப்புறம் என்னத்துக்கு சார் தினமும் வர்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "யாராவது ஒருத்தர் ஆடாம இருந்தாத்தானே ஆடறவாளைக் கவனிக்க முடியும்?" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். அதுதான் எரிச்சல்.

அதைவிட எரிச்சல் அவர் சொல்லும் சரித்திரம். யார் புதிதாக வந்தாலும் விட மாட்டார். டாக்டர் வீட்டுச் சம்பந்தி சென்னையிலிருந்து வந்திருப்பார், ஏசி அறையில் உட்கார்ந்து ஜூஸ் குடிக்கலாம் என்று நினைத்திருப்பார். சார் குடையை விரித்து அவரை வெயிலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தக் காலத்தில் இது வெறும் பொட்டல், துரைமார்கள் குதிரையில் வந்தார்கள், இந்தப் புளியமரத்தில்தான் குதிரையைக் கட்டினார்கள், கிளப்பின் முதல் கேப்டனின் நாய் இரண்டாம் குழிக்குப் பின்னால் புதைந்திருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்வார். நாயின் பெயர்கூடச் சொல்வார். கடைசியில் நான் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

இப்போது பச்சைப் பசேல் என்று புல் இருக்கிற இடமெல்லாம் அப்போது புல் கிடையாது. தண்ணீர் இல்லாத நிலம். அதனால் குழியைச் சுற்றி வட்டமாக மணலைக் கொட்டி, வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றிக் கலந்து, தட்டிச் சமமாக்கி வைத்திருந்தார்கள். பிரவுன் என்று அதற்குப் பெயர். அதில் ஆள் நடந்தால் தடம் விழும், தடம் இருந்தால் பந்து கோணலாக ஓடும். ஒரு கோஷ்டி ஆடி முடித்துப் போனதும் கோணியை இழுத்துத் தடத்தை அழிக்க வேண்டும். அதுதான் என் வேலை. என் சேலையில் வந்த ஆயில் நாற்றம் எந்த சோப்புக்கும் போகவில்லை.

நான் வட்டம் முழுக்க இழுத்து முடித்து நிமிர்வேன். சார் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு நேராக அதன் நடுவில் வந்து நிற்பார். "பாத்தேளா, எவ்வளவு சமமா இருக்கு!" என்பார். நிற்கிற இடத்திலேயே நான்கு செருப்புத் தடம்.

"சார், இப்பத்தான் இழுத்தேன்."

"தெரியும். இன்னொரு தரம் இழு. அவர் பாக்க வேண்டாமா?"

"நீங்க ஓரமா நின்னாலும் அவரு பாப்பாரு சார்."

"ஓரமா நின்னா சரித்திரம் தெரியாது, கமலா."

விருந்தாளி சிரிப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுப்பேன்.

ஒரு நாள் நானே கேட்டேன். இவ்வளவு பெரிய ஆட்கள், வீட்டில் கார் இருக்கிறது, ஆள் இருக்கிறது, விடியற்காலையில் எழுந்து வந்து ஒரு சின்னப் பந்தின் பின்னால் நாலு மைல் நடக்கிறார்களே, இதில் அப்படி என்ன சார் இருக்கிறது என்றேன். காற்று, மரம், மயில் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் குடையை மடக்கிவிட்டுச் சொன்னார்: "மத்த ஆட்டத்துக்கெல்லாம் நடுவர் உண்டு. விசில் ஊதுவார். இதுல கிடையாது. புதருக்குள்ள போய்ப் பந்தைக் காலால தள்ளினா பாக்க ஆள் இல்லை. தன் தப்பைத் தானே சொல்லணும். நாள் பூரா ஊர்ல பொய் சொல்றவனுக்கும் காலங்கார்த்தால ரெண்டு மணி நேரம் யோக்கியனா இருக்க ஆசையா இருக்கும். அதுக்குத்தான் வரா." புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு மெம்பரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முன்பெல்லாம் வேலை செய்கிற பெண்களுக்கு இங்கே கழிப்பறை கிடையாது. கருவேலங்காட்டுக்குள் ஒதுங்குவோம். கேப்டனிடம் மன்றாடி, சண்டை போட்டு, நாங்கள் சாமான் வைக்கிற ஷெட்டுக்குப் பின்னால் கழிப்பறை கட்ட வைத்தவர் அவர்தான். திறந்த அன்றைக்கே அதன் கதவில் எட்டு விதிமுறைகளைத் தன் கையால் எழுதி ஒட்டினார். ஐந்தாவது விதி, உள்ளே உட்கார்ந்து பேசக் கூடாது என்பது. ஒரு ஆள் மட்டும் போகிற இடத்தில் யாரோடு பேசுவது? நன்றி சொல்லப் போனவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

இனி என் வீட்டுக்காரர் விஷயம். முத்து என்றால் பழைய மெம்பர்களுக்குத் தெரியும். உப்பிலியபுரத்துப் பக்கம் பிறந்தவர். இருபது வருஷம் இங்கே மெம்பர்களுக்கு ஸ்டிக் பை தூக்கினார். மெம்பர்கள் வேண்டாம் என்று போட்ட உடைந்த ஸ்டிக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, ஆட்கள் வருவதற்கு முன்னால் அடித்து அடித்துப் பழகினவர். வருஷத்தில் ஒரு நாள் பை தூக்குகிறவர்கள் ஆடுவார்கள், மெம்பர்கள் அவர்களுக்குப் பை தூக்கிக் கூட நடந்து கார்டில் அடிகளை எழுதுவார்கள். இது இந்தக் கிளப்பின் பழைய வழக்கம். அன்றைக்கு மட்டும் பெரிய பெரிய டாக்டர்கள் வியர்த்து வழிந்து எங்கள் ஆட்களின் பின்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். பெண்கள் நாங்கள் பின்கட்டில் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்போம்.

அந்த வருஷம் முத்து ஜெயித்தார். சாயங்காலம் கேப்டன் கையால் கப் வாங்கினார். ஒன்பதாம் குழியில் பந்து முள்ளுக்குள் போய் ஏழு அடி ஆகியும், மற்ற குழிகளில் பிடித்து ஜெயித்தார். கப்பைக் கொண்டுவந்து அரிசிப் பானை மேல் வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஜெயித்தவர்கள் பெயரைப் பலகையில் எழுதப் பெயிண்டர் வந்தார். சார் வழக்கப்படி எல்லாக் கார்டையும் எடுத்துச் சரிபார்த்தார். முத்து கையெழுத்துப் போட்டிருந்தார். அடிகளை எழுதின ஆள் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் கார்டு செல்லும் என்று சார் சொல்லிவிட்டார். கப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. பெயரை மட்டும் எழுதவில்லை. இரண்டாவதாக வந்த அந்தோணியின் பெயரை எழுதுகிறேன் என்றார். அந்தோணி, "முத்து ஜெயிச்சத நான் கண்ணால பாத்தேன் சார், எனக்கு வேணாம்" என்று போய்விட்டான். ஷெட்டுச் சுவரில் இருக்கிற பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லா வருஷத்துக்கும் பெயர் இருக்கும். அந்த ஒரு வருஷத்துக்கு நேரே ஒரு கோடு இருக்கும்.

முத்து அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "விடு புள்ள, அடிச்சது அடிச்சதுதானே" என்பார். அவர் மஞ்சள் காமாலையில் போன பிறகுதான் எனக்கு அந்தக் கோடு உறுத்த ஆரம்பித்தது. தினமும் கோணியை எடுக்க அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் இந்த மண்ணில் இருபது வருஷம் நடந்ததற்கு வேறு எந்த இடத்திலும் ஒரு எழுத்து இல்லை. குதிரை கட்டின மரத்துக்குப் பெயர் இருக்கிறது, நாய்க்குப் பெயர் இருக்கிறது.

போய்க் கேட்டேன். "ரூல் இல்லை, கமலா" என்றார். அடுத்த மாசம் கேட்டேன். "மினிட்ஸ்ல இல்லை" என்றார். இப்படியே வருஷம் ஓடியது. நடுவில் போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது, பிரவுனை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புல் வைத்தார்கள், நான் கோணியை விட்டுக் களைக்கொத்தைப் பிடித்தேன். கோடு மட்டும் மாறவில்லை. எழுதின ஆள் யார் என்று கேட்டால், லிஸ்டில் ஒரு பல் டாக்டர் பெயர் இருந்தது. அவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அந்த மனுஷனை நான் திட்டாத நாள் இல்லை.

ஒரு நாள் அந்தக் கார்டையாவது கொடுங்கள், வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். சார் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. பீரோவைத் திறந்து, தேடி, எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். கீழே முத்துவின் கையெழுத்து, கோணல் மாணலாக. பக்கத்தில் ஒரு கோடு, அதன் மேல் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் குழிக்கு நேரே ஏழு. அந்த ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு சின்னக் கோடு.

எனக்குப் படிப்புக் குறைவு. ஆனால் அந்த ஏழு எனக்குத் தெரியும். ஷெட்டில் தினமும் யார் எந்தக் குழியில் வேலை என்று சார் எழுதி ஒட்டுகிற தாளில் அதே ஏழுதான் இருக்கும். ஊரில் வேறு யாரும் ஏழுக்கு இடுப்பில் கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

திரும்பி உள்ளே போனேன்.

"எழுதினது நீங்கதானே சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான். டாக்டர் வரலை. ஆள் இல்லைன்னு நானே முத்துகூட நடந்தேன். பரிசு குடுக்கற அவசரத்துல கையெழுத்துப் போட மறந்துட்டேன்."

"மறந்தது நீங்கதான்னு அவருக்குத் தெரியுமா?"

"கார்டைச் சரிபாத்த அன்னிக்கே ஒத்துண்டேன். வெளியில சொல்லாதீங்க சார், உங்களுக்கு அசிங்கம்னு சொன்னான் முத்து. நானும் பேசாம இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. இந்த இரண்டு ஆண்களும் சேர்ந்து என்னை முட்டாளாக்கி, ஒரு பாவமும் செய்யாத பல் டாக்டரை வருஷக்கணக்காகத் திட்ட வைத்திருக்கிறார்கள். "தன் தப்பைத் தானே சொல்லணும்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் குடை பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்களே சார், அது யாருக்கு?" என்றேன். அவர் கழற்றின கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து அவரிடம் பதில் இல்லாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

மேஜையில் பேனா இருந்தது. கார்டை அவர் முன்னால் வைத்தேன். "இப்பப் போடுங்க. ஒரு நிமிஷம் ஆகாது."

"முடியாது, கமலா."

"ஏன் முடியாது? கை இருக்கு, பேனா இருக்கு."

"ஆட்டம் முடிஞ்சு கார்டை ஒப்படைச்சதுக்கு அப்புறம் போட்டா அது பொய்க் கையெழுத்து. ஒரு தப்பை மறைக்க இன்னொண்ணு பண்ணச் சொல்றியா?"

இதைக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு மாசம் அவரோடு பேசவில்லை. அவர் எழுதி ஒட்டின தாளைப் பார்ப்பேன், வேலையைச் செய்வேன், போவேன். எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த நாளிலிருந்து அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாளே கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தப்பு என்னுடையது, ஆடினவருடையது இல்லை, இதைத் தெரிந்தும் இத்தனை வருஷம் வெளியில் சொல்லாமல் இருந்தேன், உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் போட்டு அந்தப் பெயரை எழுத வேண்டும் என்று. பழைய கதையை இப்போது எதற்குக் கிளற வேண்டும், உங்களுக்குத்தானே கௌரவக் குறைச்சல் என்று ஒத்திப்போட்டார்கள். அடுத்த வருஷம் மறுபடி கொடுத்தார். மறுபடி ஒத்திப்போட்டார்கள். நான்கு வருஷம், நான்கு கடிதம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் "அடுத்த கூட்டத்தில்" என்று எழுதியிருக்கிறது. ஐந்தாவது கடிதம் இந்த வருஷக் கூட்டத்துக்காகக் கொடுத்தது.

அதைக் கொடுத்த பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்து வீட்டோடு இருந்தார். மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் பார்க்கப் போனேன். உத்திர வீதியில் வீடு. கட்டிலில் பாதி ஆளாகப் படுத்திருந்தார். நான் வாசலில் தயங்கி நின்றேன். அவர் பெண் மாலதி அம்மா, "உள்ள வாங்கோ, அப்பா உங்களைத்தான் கேட்டுண்டே இருக்கார்" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

எப்படி இருக்கீங்க சார் என்று நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார்: "மூணாம் குழில கோரை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார். நீங்க மொதல்ல ஒடம்பப் பாருங்க."

"வேரோட எடுத்தியா, மேலாகக் கிள்ளிப் போட்டியா?"

மாலதி அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஹார்ட் டாக்டர் வந்தப்போ அவர் கிட்டயும் புல்லைப் பத்தித்தான் பேசினார். நீங்களாவது சொல்லுங்கோ."

"நான் சொல்லி என்னிக்குங்க கேட்டிருக்காரு?" என்றேன். சார் சிரித்தார். இருமல் வந்தது. அடங்கியதும், "இந்தத் தரம் கூட்டத்துக்கு நானே வரேன். எழுந்து நின்னு நானே படிக்கறேன். எனக்குப் பதிலா இன்னொருத்தர் படிச்சா அது சரியா வராது" என்றார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸிலேயே வருகிறேன் என்றார். எழுந்து உட்கார முடியாத மனுஷன். அதற்கும் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். அதுதான் கடைசி.

அவர் தவறிய மறுவாரம், புது செகரட்டரியான பிரபு தம்பி என்னிடம் வந்தார். நல்ல பிள்ளை. ஹாலில் சாருக்கு ஒரு பலகை வைக்கப் பெயிண்டர் வருகிறார் என்றார். "அக்கா, அப்படியே ஷெட்டுப் பலகையில உங்க வீட்டுக்காரர் பேரையும் எழுதிடச் சொல்றேன். கூட்டம், தீர்மானம் எல்லாம் எதுக்கு? சாரும் இல்ல. யாரு கேக்கப் போறாங்க?"

இத்தனை வருஷம் நான் கேட்டது அதுதான். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேணாம் தம்பி" என்று வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "மொதல்ல கூட்டத்துல அந்த லெட்டரப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும். கை தூக்கட்டும். அதுக்கப்புறம் எழுதுங்க."

"கை தூக்கலைன்னா?"

"கோடாவே இருக்கட்டும்."

பிரபு தம்பி போன பிறகு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். முத்துவுக்காகவா, சாருக்காகவா என்று தெரியவில்லை. கைக்கு வந்ததை வேண்டாம் என்று சொன்ன என் புத்தியை நினைத்தும்தான். இந்த மனுஷன் சரித்திரம் சொல்லிச் சொல்லி என் காதைப் புண்ணாக்கியது போதாது என்று, தன் பிடிவாதத்தையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் கேட்டு வாங்கவில்லை. இனிமேல் இறக்கி வைக்கவும் தெரியாது.

இதைப் படிக்கிற மெம்பர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வெயிலில் அவர் குடையின் கீழ் நடக்காதவர் உங்களில் யாரும் இல்லை. தன் தப்பைத் தானே சொல்ல அவருக்கு வருஷக்கணக்கில் ஆனது. ஆனாலும் சொன்னார், ஐந்து தடவை எழுதிக் கொடுத்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. வருகிற கூட்டத்தில் அதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு உங்களுக்குச் சரி என்று பட்டால் கையைத் தூக்குங்கள்.

கார்டு என்னிடம் இருக்கிறது. முத்து அடித்த அடிகளும் சார் எழுதிய எண்களும் ஒரே காகிதத்தில் இருப்பது அது ஒன்றில்தான். கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அதில் யாரையும் எழுத விட மாட்டேன்.